எக்ஸ் உள்ள ஊர், எக்ஸ் இல்லாத அரண்மனை

கேள்வி: பிரான்சில் படிக்கும் என் மகள் ஷெனோன்சோ போய் வந்தாள். ஊர்ப் பெயர் கடைசியில் எக்ஸ் எழுத்து இருக்கிறது. அரண்மனைப் பெயரில் அதைக் காணோம். அச்சுப்பிழையா? அப்புறம், அரண்மனையை ஏன் ஆற்றுக்குள் கட்டினார்கள்?
– ஒரு வாசகி

பதில்: பிழையில்லை அம்மா. ஊருக்கு எக்ஸ் உண்டு, அரண்மனைக்குக் கிடையாது. பிரெஞ்சில் அந்த எக்ஸ் ஊமை என்பதால், சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான். புரட்சிக் காலத்தில் அங்கே வாழ்ந்த டூபேன் சீமாட்டி, அரச வாடை வேண்டாமென்று அந்த எழுத்தை வெட்டினாராம். கதை நன்றாக இருக்கிறது. நான் அவ்வளவாக நம்பவில்லை.

ஆற்று விஷயத்துக்கு வருவோம். ஷேர் ஆற்றில் ஒரு பழைய மாவு மில் இருந்தது. 1513-ல் இடத்தை வாங்கிய தோமா போயே, அதன் அஸ்திவாரத்தின் மேலேயே மாளிகையை எழுப்பினார். அவர் மன்னரின் நிதி அதிகாரி, பெரும்பாலும் வெளியூர் வாசம். கூட நின்று வேலை வாங்கியது மனைவி காத்தரீன் பிரிசோனே.

பிறகு 1547-ல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி அதைத் தன் காதலி டயானுக்குக் கொடுத்துவிட்டார். மாளிகையிலிருந்து அக்கரைக்குப் பாலம் போட்டவர் டயான்தான். 1559-ல் ஈட்டிப் போட்டியில் காயம்பட்டு மன்னர் இறந்தார். ராணி காத்தரீன் தெ மெடிசி சும்மா இருப்பாரா? ஷோமோன் கோட்டையைக் கொடுத்து டயானை வெளியேற்றினார். காதலி போட்ட அதே பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடமும் கட்டினார். டயான் அறையின் கணப்பு மேடையில் ஹென்றியின் எச்சும் காத்தரீனின் சியும் பின்னிக் கிடக்கின்றன. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த சி, டயானின் டி போலத் தெரியும். நான் அதன் முன் பத்து நிமிடம் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். எனக்கு டிதான் தெரிந்தது.

அந்த நீளக் கூடம் முதல் உலகப் போரில் ஆஸ்பத்திரி. தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், இருபக்கமும் வரிசையாகக் கட்டில்கள். ஜன்னலுக்குக் கீழே ஆறு. இரண்டாம் போரில், 1940 முதல், அந்த ஆறே எல்லைக்கோடு ஆகிவிட்டது. அரண்மனை வாசல் இருக்கும் வடகரை ஜெர்மானியர் பிடியில். தென்கரையில் அவர்கள் படை இல்லை. கூடத்தின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனைக் கதவு வழியாக வெளியேறித் தப்பியவர்கள் உண்டு.

மகளிடம் கேளுங்கள், கூடத்தின் கடைசிக் கதவு வரை நடந்தாளா, பாதியில் திரும்பிவிட்டாளா என்று.