உணவுக்குழாய் புற்றுநோய்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

எண்டோஸ்கோபி (வாய்வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) பிரிவில் வேலை பார்ப்பதால் தினமும் காதில் விழும் கேள்விகள்தான் இவை.

கே: டீ கொதிக்கக் கொதிக்க இருந்தால்தான் எனக்குத் தொண்டையில் இறங்கும். அதனால் புற்றுநோய் வருமாமே?

பாவம், டீ என்ன செய்யும்? சூடுதான் பிரச்சினை. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்பு அதிகம் உள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-லேயே வகைப்படுத்திவிட்டது. ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் சுமார் 50,000 பேரை வருடக்கணக்கில் கவனித்ததில், 60 டிகிரியும் அதற்கு மேலும் சூடாக, தினமும் 700 மில்லிக்குக் குறையாமல் குடித்தவர்களுக்கு, ஆறவைத்து அளவாகக் குடித்தவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ 90 சதவீதம் கூடுதலாக இருந்தது. கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஊதிக்கொண்டே குடிக்கிறீர்கள் என்றால் அது இன்னும் ஆறவில்லை. டபராவில் நாலு ஆற்று ஆற்றுங்கள், சுவை எங்கேயும் போய்விடாது.

கே: அண்ணா, என் மாமனார் புகையிலை தொடமாட்டார், வெறும் வெற்றிலை பாக்குதான். பயமில்லையே?

பயம் இருக்கிறது, தங்கச்சி. பாக்கே புற்றுநோய்க் காரணிதான். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் வாயை மட்டுமல்ல, உணவுக்குழாயையும் பாதிக்கும்.

கே: வெறும் பீர்தான் சார், கூட நாலு சிகரெட்.

பீரிலும் அதே ஆல்கஹால்தான். இரண்டும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

கே: பத்து வருடமாக நெஞ்செரிச்சல், ஜெலுசில் குடித்தால் அடங்கிவிடுகிறது. விட்டுவிடலாமா?

எரிச்சல் அடங்குகிறது, சரி, ஆனால் அமிலம் மேலே வருவது நின்றுவிட்டதா? வருடக்கணக்கில் அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிச் சவ்வு சிலருக்கு மாறிவிடும், அதற்கு பாரெட் உணவுக்குழாய் என்று பெயர். அதிலும் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை, அதனால் பதற வேண்டாம். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆண், தொப்பை, புகைப்பழக்கம் என்றெல்லாம் கூடவே இருந்தால் ஒரு தடவை எண்டோஸ்கோபி பார்ப்பது நல்லது. அப்புறம், ராத்திரி பரோட்டா சாப்பிட்ட கையோடு படுக்கிற வழக்கத்தை விடுங்கள், மூன்று மணி நேரமாவது போகட்டும்.

கே: அப்பாவுக்கு இட்லி இறங்குகிறது, சப்பாத்தி நெஞ்சிலேயே நிற்கிறது என்கிறார். வயசாகிவிட்டது, அப்படித்தானா?

வயசு என்று விடாதீர்கள், இது உணவுக்குழாய் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். முதலில் கெட்டியான உணவு நிற்கும், பிறகு குழைந்த சாதம், கடைசியில் தண்ணீர். நிறைய பேர் தாங்களாகவே கஞ்சிக்கு மாறிக்கொண்டு வீட்டில் சொல்வதே இல்லை. எடை குறைந்து வேட்டி, பேன்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். இந்த வாரமே இரைப்பை குடல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.