பேரீச்சைக்கு ஸ்ட்ராங் டீ, ஆப்ரிகாட்டுக்கு லைட் டீ

கேள்வி: மாலையில் பிஸ்கட்டை விட்டுவிட்டு, பால் சேர்க்காத பிளாக் டீயோடு உலர் பழங்கள் சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன். பேரீச்சம்பழம் சாப்பிட்டால் டீ வெந்நீர் மாதிரி சப்பென்று ஆகிவிடுகிறது. ஆப்ரிகாட் சாப்பிட்டால் அதே டீ கசந்து, வாய் வறண்டுபோகிறது. இரும்புச்சத்து கிடைக்கும் என்றுதான் இந்தப் பழங்களுக்கு மாறினேன். எந்தப் பழத்துக்கு எந்த டீ சரிவரும்?

பதில்: உங்கள் நாக்கு சரியாகத்தான் சொல்கிறது. ஒரே டீயை இரண்டு பழத்துக்கும் போட்டதில்தான் சிக்கல். பழத்தை மாற்ற வேண்டாம். டீயை மாற்றிப் பாருங்கள்.

ஸ்ட்ராங் டீ என்று நாம் சொல்வதில் துவர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் உமிழ்நீரில் இருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. நாக்கை வழுவழுப்பாக வைத்திருப்பவை அந்தப் புரதங்கள். அவை விலகியதும் நாக்கு சொரசொரவென்று இழுக்கிறது. இந்தத் துவர்ப்பை இனிப்பு அடக்கும், புளிப்பு தூக்கிவிடும். உங்கள் இரண்டு அனுபவத்துக்கும் இது ஒன்றுதான் காரணம்.

உலர் பழத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். புதிய திராட்சையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். காய்ந்த பிறகு மிஞ்சுவது 15 சதவீதம் அளவுதான். சுமார் 4 கிலோ பழம் காய்ந்து 1 கிலோ ஆகும்போது, அதில் இருந்த சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே செறிவாகிவிடுகின்றன. பேரீச்சையில் புளிப்பு மிகக் குறைவு, எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அதன் முன்னால் இளசான டீ நிற்காது. ஆப்ரிகாட்டில் இனிப்பும் உண்டு, ஆனால் முந்திக்கொண்டு வருவது புளிப்பு.

முதலில் பேரீச்சை. அதற்கு அசாம் டீ வைத்துக்கொள்ளுங்கள். அந்த மால்ட் வாசனையும் கனமும் பேரீச்சையின் பாகுச் சுவையோடு ஒட்டிப்போகும். 200 மில்லி கொதிநீருக்கு 3 கிராம், 4 நிமிடம். குருணையாக இருக்கும் சிடிசி தூள் என்றால் சாயம் சீக்கிரம் இறங்கிவிடும், இரண்டரை நிமிடமே போதும். தராசு இல்லையென்றால், ஒரு டீ பேக்கில் பெரும்பாலும் 2 கிராம் இருக்கும் என்ற கணக்கை வைத்துக்கொள்ளலாம். இந்த டீயில் சர்க்கரை கூடவே கூடாது. பேரீச்சையைத் தின்ற நாக்குக்கு டீயில் போட்ட ஒரு ஸ்பூன் தெரியாது, இன்னொன்று கேட்கும். பழத்தையும் முழுதாக வாயில் போட வேண்டாம். கால் பங்கு கடித்து, மென்று, இனிப்பு நாக்கில் இருக்கும்போதே ஒரு வாய் டீ குடியுங்கள். துவர்ப்பு வந்து இனிப்பைத் துடைக்கும், அடுத்த கடி மறுபடி புதிதாக இருக்கும். உலர்ந்த அத்திப்பழத்துக்கும் இதே டீ போதும்.

ஆப்ரிகாட்டுக்கு நேர் எதிர். நீலகிரி அல்லது நுவரெலியா இலைத் தேயிலை, 200 மில்லிக்கு 2 கிராம், இரண்டரை முதல் மூன்று நிமிடம். அதற்கு மேல் ஊறினால் துவர்ப்புதான் ஏறும். டீ பேக்கைப் பிழிகிற பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிடுங்கள். டீ சுவை பார்க்கிறவர்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தர முறையில் 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவிடுவோம். தேயிலைகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட அது சரி. ஆனால் அந்தக் கோப்பையோடு ஆப்ரிகாட்டைக் கடித்தால் எனக்கும் வாய் கட்டிக்கொள்ளும். அப்புறம், துவர்ப்பு ஒவ்வொரு வாய்க்கும் கூடிக்கொண்டே போகும் குணம் உள்ளது. நாலைந்து வாய்க்கு ஒரு முறை வெறும் தண்ணீர் குடித்தால் வித்தியாசம் தெரியும்.

நீங்கள் வாங்குவது பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டா? அந்த நிறம் மாறாமல் இருக்கக் கந்தக டைஆக்சைடு பயன்படுத்துகிறார்கள். அது சேர்க்காத பழம் பழுப்பாக, பார்க்கச் சுமாராக இருக்கும். ஆனால் புளிப்பு அடங்கி, கருக்கிய சர்க்கரையின் சாயல் வரும். பிளாக் டீயோடு வைக்க நான் பழுப்பைத்தான் எடுப்பேன். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குக் கந்தகம் சேர்த்த உலர் பழம் மூச்சுத் தொல்லை தரும், பாக்கெட்டைப் படித்து வாங்குவது நல்லது.

உலர் திராட்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவக் கொழுந்தோடு அது சேருவது அவ்வளவு அழகு. மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் இந்தத் தேயிலையில் மஸ்கட் திராட்சையின் வாசனை வரும். தத்துப்பூச்சி போன்ற சிறு பூச்சிகள் கொழுந்தில் சாறு உறிஞ்சும்போது செடி தற்காப்புக்காகச் சில வாசனைப் பொருட்களை உண்டாக்குகிறது. அவை இந்த மணத்துக்கு ஒரு முக்கியக் காரணம். மற்றப் பழங்களில் சுவைக்குச் சுவை ஈடுகட்டுகிறோம். இங்கே வாசனையோடு வாசனை சேருகிறது. வெளிர் நிறத் திராட்சை ஏழெட்டு எடுத்து, டீயை முதலில் முகர்ந்து, ஒரு வாய் குடித்து, அதன் பிறகு பழத்தைக் கடியுங்கள். இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் டீ முதலில் வர வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் இந்த மணம் எதுவும் பிடிபடாது, சற்று ஆறட்டும்.

ப்ரூன், அதாவது உலர்ந்த பிளம், இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவில் நிற்பது. சீனாவின் கீமுன் டீயோடு அருமையாக இருக்கும். பைன் மரப் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சோங்கோடும் முயன்று பார்க்கலாம், புகை வாசனை பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். ப்ரூனில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் நிறைய உண்டு, அது வயிற்றை இளக்கும். நாலைந்து பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரான்பெர்ரியை நான் இந்தக் கணக்கில் அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. கடும் புளிப்பு என்பதால் பெரும்பாலும் சர்க்கரை ஏற்றித்தான் விற்கிறார்கள்.

இரும்புச்சத்து விஷயத்தில் மட்டும் உங்கள் திட்டத்தை மாற்றச் சொல்வேன். துவர்ப்பைத் தருகிற அதே பாலிஃபீனால்கள் தாவர உணவில் உள்ள இரும்பையும் பிடித்துவைத்து, உடல் உறிஞ்சுவதைக் குறைத்துவிடுகின்றன. பிளாக் டீயில் இந்தக் குணம் வலுவாகவே உண்டு. இரும்புக்காகச் சாப்பிடும் பழத்தை டீயோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு மாற்றி, குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கூடவே வைட்டமின் சி உள்ள புதிய பழம் ஏதாவது இருந்தால் உறிஞ்சுதல் கூடும். ரத்தசோகை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் உலர் பழத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மாலை டீயோடு சாப்பிடுவதை ருசிக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 30 கிராம் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழம் ரொம்பக் காய்ந்து கட்டையாகிவிட்டால் அதை டீயிலேயே ஊறப்போடலாம். அத்தி, திராட்சை, ப்ரூன் மூன்றுக்கும் இது பொருந்தும். ஆப்ரிகாட்டைப் போட்டால் எலுமிச்சை பிழிந்தது போல டீயின் நிறம் வெளுக்கும், அது கெட்டுப்போன அறிகுறி அல்ல. திராட்சையை மட்டும் முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசிவிடுங்கள். ஒட்டாமல் இருக்க மேலே எண்ணெய் பூசியிருப்பார்கள், அலசாவிட்டால் டீயில் படலமாக மிதக்கும். பழம் மூழ்கும் அளவுக்குச் சூடான டீயை வடிகட்டி ஊற்றி, ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பழம் உப்பி, உள்ளே வரை டீ மணத்தோடு இருக்கும். ஊறிய டீயைக் கொட்டிவிடாதீர்கள். பழத்தின் இனிப்பு இறங்கி அது தனியாகக் குடிக்கவே நன்றாக இருக்கும்.