ஆய்வுக்காக வீடு தேடி வந்து இரத்தம் கேட்டால் சம்மதிக்கலாமா?

கேள்வி: ஒரு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிலிருந்து வந்தவர்கள், நீரிழிவு பற்றிய ஆய்வுக்காக 62 வயதான என் தாயாரிடம் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்றும், ஆண்டுதோறும் வருவோம் என்றும் சொல்லி, ஒரு படிவத்தைத் தந்துள்ளனர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காக நான் கையெழுத்திடலாமா? பக்கத்து வீட்டை விட்டுவிட்டு எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? மறுத்தால் அந்த மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சிக்கல் வருமா?

பதில்: சிக்கல் வரக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வில் சேர்வது முற்றிலும் அவரவர் விருப்பம். மறுத்தாலும், இடையில் விலகினாலும், அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது.

உங்கள் வீடு தேர்வானதற்குப் பெரும்பாலும் குலுக்கலே காரணமாக இருக்கும். பகுதியிலுள்ள வீடுகளைப் பட்டியலிட்டு, அதிலிருந்து யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காமல் சிலவற்றை எடுப்பார்கள். அப்படி எடுத்த வீட்டில் ஆள் இல்லை என்பதற்காகப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டால், பகலில் வீட்டிலிருக்கும் முதியோரும் இல்லத்தரசிகளுமே கணக்கில் நிறைவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் விடுபட்டுப்போவதால், கிடைக்கும் நீரிழிவு விகிதம் அந்த ஊருடையதாக இருக்காது. களப்பணியாளர் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். எரிச்சல் தரும் என்றாலும், ஆய்வை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

தாயாருக்காக நீங்கள் கையெழுத்திடுவது சரியன்று. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் சம்மதத்தை மகனோ மகளோ கூடத் தர முடியாது. படிவத்திலுள்ளதை அவருக்குப் புரியும் பேச்சுத் தமிழில் முழுவதும் விளக்கி, ஆய்வுக் குழுவைச் சாராத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சியின் முன்னிலையில் அவருடைய கைநாட்டைப் பெற வேண்டும். சாட்சியும் கையெழுத்திட வேண்டும். இது வெற்றுச் சடங்கன்று. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்ட ஆய்வுத் திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது, 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகச் சாடியது. தடுப்பூசியின் பயன் வேறு விஷயம். சம்மதம் பெற்ற முறையே அங்கே பெருங்குறையாக நின்றது.

படிவத்தோடு தரப்படும் தகவல் தாளில் இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள். எடுக்கும் இரத்தம் பரிசோதனை முடிந்ததும் அழிக்கப்படுமா, அல்லது வருங்கால ஆய்வுகளுக்கெனச் சேமிக்கப்படுமா என்பது ஒன்று. சேமிப்பதற்கு மட்டும் சம்மதமில்லை என்றால் அதைச் சொல்லலாம். மற்றொன்று, முடிவை உங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பது. பலர் இதை இலவசப் பரிசோதனை முகாமாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆய்வின் நோக்கம் ஊரின் நிலையை அறிவதே தவிர, ஒருவருக்கு வைத்தியம் பார்ப்பதன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்று சொல்லப்பட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி பரிசோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தாளில் ஆய்வாளரின் எண்ணைத் தவிர, கல்லூரியின் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் இருக்க வேண்டும். ஆய்வை அனுமதிக்கும் அந்தக் குழுவுக்குத் தலைவராக வெளி நிறுவனத்தவர் ஒருவரும், உறுப்பினர்களாகச் சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள். அந்த விவரம் இல்லையென்றால், கல்லூரியில் விசாரித்து உறுதிப்படுத்தும்வரை சம்மதிக்க வேண்டாம். எல்லாம் தெளிவாக இருந்து, தாயாரும் விரும்பினால், சேர்வதையே நான் பரிந்துரைப்பேன். படிவத்தின் ஒரு பிரதியை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள்.

அவர் ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், அதை முன்கூட்டியே களப்பணியாளரிடம் சொல்லுங்கள். இரத்தம் எடுக்கும் நாளில் காலை மருந்தை எப்போது எடுக்கலாம் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் காத்திருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.