அரசியல்வாதி விளையாட்டு ஆர்வம் காட்டினால் வன்னியில் வாக்குக் கூடுமா?

பெயர் மனதில் பதியும். இலங்கையின் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் அடக்கம். கட்சிக்கு வாக்களித்தபின் அதன் வேட்பாளர்களில் 3 பேருக்கு விருப்பு வாக்கு இடலாம் என்பதால், ஒரே பட்டியலில் நிற்பவர்களுக்குள்ளேயே போட்டி. முகம் தெரிந்தவருக்கு அனுகூலம். கிரிக்கெட் வீரர் சனத் ஜயசூரிய 2010 நாடாளுமன்றத் தேர்தலில் மாத்தறையில் வென்றார், ஆனால் அவர் உண்மையிலேயே ஆடியவர்.

கிண்ணம் கொடுக்க மட்டும் வருபவர் பெரும்பாலும் நேரத்தில்தான் சறுக்குவார். 4 மணி இறுதியாட்டத்தைப் பிரதம விருந்தினருக்காக 5.30 வரை இழுத்தால், மின்விளக்கில்லாத மைதானத்தில் இரண்டாம் பாதி இருட்டில்தான். அவரைப் பெடியள் மறக்கமாட்டாங்கள், வேறு காரணத்துக்காக!

பந்து கொடுப்பதும் அப்படித்தான். கிறவல் (சரளை) தரையில் அது கெதியாய்த் தேயும். படம் மட்டும் முகநூலில் கிடக்கும். மைதானத்தைச் சமப்படுத்தி வடிகால் வெட்டிக் கொடுத்தால், மாரியிலும் பேர் நிற்கும்.