தீபாவளிக்குப் பெயிண்ட், பொங்கலுக்குள் கொப்புளம்

பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் மரம், தகரக் கூரை. அப்பா காலத்து வீடு. போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வெளிச்சுவர் முழுக்க பெயிண்ட் அடித்தார்களாம். பொங்கலுக்குள் தெற்கு, மேற்குச் சுவர்களில் அப்பளம் மாதிரி உப்பி உரிந்துவிட்டது. மரத்தூண் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல். 2025 மார்ச் நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, மொத்தப் பூச்சையும் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசிவிடலாம் என்கிறார். "வருஷத்தில் எந்த மாதம் சுவரைப் பார்க்க வேண்டும், எந்த மாதம் வேலை வைக்க வேண்டும்? இந்தத் தீபாவளிக்கும் அடிக்கலாமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அடிக்காதீர்கள். பெயிண்ட் மட்டமானது என்று நினைத்து இந்தத் தடவை விலை கூடியதை வாங்கினாலும் இதேதான் நடக்கும்.

ரங்கூன் பக்கம் வருஷத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை. அதில் பெரும்பங்கு மே நடுவிலிருந்து அக்டோபர் வரையிலான ஐந்து மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த ஐந்து மாதமும் செங்கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. தீபாவளி வருவது மழை ஓய்ந்த உடனே. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் சுவருக்கு ரெயின்கோட் போட்டு மூடிய மாதிரி. கார்த்திகை, மார்கழி வெயிலில் ஈரம் வெளியே வரப் பார்க்கிறது, வழியில்லை, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. உங்கள் வீட்டில் உப்பியது அதுதான்.

அப்படியானால் தாத்தா காலத்தில் தீபாவளிக்கு வெள்ளையடித்தார்களே, அது எப்படி நின்றது? அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது, அதன் வழியாகவே ஈரம் வெளியேறிவிடும். சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பழக்கம் சரியான பழக்கம்தான். வாளியில் இருந்த சரக்கு மாறிப்போனது, நாள் மட்டும் மாறவில்லை. பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் பாசியைக் கழுவி, ஒட்டடை அடித்து, உள்சுவர்களுக்கு வேண்டுமானால் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர் பொறுக்கட்டும்.

இனி மாதக் கணக்கு. சுவரைப் பார்ப்பதற்கு நல்ல நேரம் மழை கொட்டும்போதுதான். இது பலருக்கு விநோதமாகப் படும். ஆடி மாதத்தில், இரண்டு நாள் விடாமல் பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். கால் மணி நேரம் போதும். எந்த இடத்தில் கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறது, ஜன்னல் அடிப்பலகையிலிருந்து தண்ணீர் வெளியே சொட்டுகிறதா அல்லது திரும்பிச் சுவரோடு இறங்குகிறதா, தரையில் விழும் தண்ணீர் எவ்வளவு உயரம் தெறிக்கிறது, இதையெல்லாம் வெயில் காலத்தில் எந்த நிபுணர் வந்தாலும் காட்ட முடியாது. தென்மேற்குக் காற்றில் மழை சாய்ந்து அடிப்பதால் தெற்கையும் மேற்கையும் கூடுதலாகப் பாருங்கள். அப்புறம் உள்ளே வந்து அதே சுவர்களைக் கையால் தடவிப் பாருங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தில் எல்லாம் மறந்துபோகும்.

இரண்டாவது தடவை பார்ப்பது நவம்பர் கடைசியில். இப்போது ஒரு நாணயம் போதும். அதன் விளிம்பால் பூச்சை ஒரு முழத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தில் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். செங்கல்லை விட்டுப் பிரிந்த இடத்தில் பொக்கு சத்தம் வரும், காலிப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி. பொக்கு கேட்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பூச்சு வேலைக்கு டிசம்பர், ஜனவரி. மார்கழியில் வீட்டு வேலையா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். புதுமனை புகுவிழாதான் கூடாது, ஓட்டை அடைக்க நாள் பார்ப்பார் யாருமில்லை! மழை இல்லை, வெயிலும் கொளுத்தாது. சிமெண்ட் பூச்சுக்கு ஏழு நாளாவது ஈரம் காட்ட வேண்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் காலையில் தெளித்த தண்ணீர் பத்து மணிக்கே போய்விடும், பூச்சு சட்டென்று காய்ந்து வலை வலையாகக் கீறிக்கொள்ளும்.

பூசி நான்கு வாரம் விட்டால்தான் சிமெண்டின் காரம் தணியும். ஆக, பெயிண்டுக்குப் பிப்ரவரி. அடிப்பதற்கு முதல் நாள் ஒரு சோதனை: ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். வடக்குச் சுவரில் கட்டாயம் இதைச் செய்யுங்கள். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்கு கடைசியில்தான் காயும்.

ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் மூன்றாவது பார்வை. இது சின்ன வேலை. கூரைத் தூம்பில் சருகு எடுப்பது, ஜன்னல் ஓரத்தில் விட்டுப்போன இடத்தை அடைப்பது, சுவரோடு சேர்த்துக் குவித்த மண்ணையும் பூந்தொட்டியையும் நகர்த்துவது. மழை மே நடுவில்தான் என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். நர்கிஸ் புயல் வந்தது 2008 மே 2ஆம் தேதி.

இனி உங்கள் இரண்டு விரிசல்கள். மரத்தூண் ஓரக் கீறலில் பயமில்லை. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். செங்கல் அப்படியே நிற்கும். இரண்டின் மேலும் ஒரே பூச்சாக இழுத்துவிட்டால் சேரும் இடத்தில் கீறாமல் என்ன செய்யும்? சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த வருஷமும் அதே கோட்டில் கீறும். எனக்கு அது தெரியாத வயதில், என் சொந்த வீட்டில் மூன்று வருஷம் தொடர்ந்து அடைத்திருக்கிறேன். அந்தக் கோட்டில் பூச்சைச் சின்ன வாய்க்காலாக வெட்டிவிட்டு, ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கும் அக்ரிலிக் சீலண்ட் அடையுங்கள். சிலிக்கான் வாங்கிவிடாதீர்கள், அதன்மேல் பெயிண்ட் நிற்காது.

ஜன்னல் மூலைச் சாய்வு விரிசல் வேறு விஷயம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் அளந்து குறியுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். டிசம்பர் வரை முனை கோட்டைத் தாண்டாமல், அகலமும் கூடாமல் இருந்தால், அது நிலநடுக்கத்தன்று விட்டு அன்றே நின்ற விரிசல். அந்த இடத்தில் மட்டும் பூச்சைக் கொத்தி, செங்கல் உடையவில்லை என்று பார்த்துக்கொண்டு, கம்பிவலை வைத்துப் பூசலாம். நீண்டுகொண்டே போனாலோ, உள்சுவரிலும் அதே கோடு தெரிந்தாலோ, கதவு ஜன்னல் இறுக ஆரம்பித்தாலோ, பூச்சு வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நிலநடுக்கங்களை உண்டாக்கும் சகாயிங் நிலப்பிளவின் பக்கத்தில் இருக்கிற ஊர் உங்களுடையது. 1930 மே மாத நிலநடுக்கத்தில் ஷ்வேமாடோ பகோடாவே சரிந்த ஊர் அது.

கொத்தனாரிடம் சண்டை வேண்டாம். நவம்பரில் சாக்பீஸ் கோடு போட்டதும் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பொக்கு சத்தம் சுவரில் பாதிக்கு மேல் இருந்தால் அவர் சொன்னபடி அந்தச் சுவரை முழுக்கக் கொத்திவிடலாம். அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தால் கோட்டுக்குள் மட்டும் கொத்தச் சொல்லுங்கள். கோட்டுக்கு வெளியே கெட்டியாக நிற்கிற பூச்சை உடைக்கக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.