இருமொழிக் கல்லூரியில் சேர வெல்ஷ் தெரிந்திருக்க வேண்டுமா?

கேள்வி: லெஸ்டரிலிருந்து வட வேல்ஸுக்குக் குடிபெயர்கிறோம். ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) முடித்த என் மகளுக்கு, புத்ஹெலியில் இருக்கும் கோலெக் மெய்ரியன்-டுய்வோரில் ஏ லெவல் (அடுத்த இரண்டு வருடப் படிப்பு) உயிரியலும் வேதியியலும் படிக்க ஆசை. அது வெல்ஷும் ஆங்கிலமும் புழங்கும் இருமொழிக் கல்லூரி, வெல்ஷ் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், 350 பவுண்ட் கொடுத்தால் பயிற்சி, அட்மிஷன் இரண்டையும் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பென்னி கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பாடங்களுக்கு வெல்ஷ் சான்றிதழ் கேட்பதில்லை, ஜிசிஎஸ்இ மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பம் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஏஜென்டும் அதே படிவத்தைத்தான் நிரப்புவார். வெல்ஷ் கற்க ஆசைப்பட்டால் 16 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு அரசு இலவச வகுப்பே நடத்துகிறது. ஊர் புதிது என்று தெரிந்தவுடன் நர்ஸ், கேரர் குடும்பங்களாகப் பார்த்து வலை விரிக்கும் இந்த ஆட்களை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

மொழி விஷயத்துக்கு வருவோம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, புத்ஹெலி இருக்கும் குவினெத் பகுதியில் 64.4 சதவீதம் பேருக்கு வெல்ஷ் தெரியும், அதனால் கேன்டீனில் அதுதான் காதில் விழும். ஆனால் 2011 வெல்ஷ் மொழிச் சட்டம் கல்லூரிகள் மேல் சுமத்திய கடமைகள் வெல்ஷ் பேசும் பிள்ளைகளின் உரிமைக்காக வந்தவை, உங்கள் மகளுக்குத் தடை போட அல்ல. கால அட்டவணையில் மேலே 'பியோலெக்' என்றும் கீழே 'பயாலஜி' என்றும் இருக்கும், அவ்வளவுதான். தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாம்.

சிக்கல் வகுப்பறையில்தான். 'இருமொழி' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று கல்லூரிகள் சொல்வதே இல்லை, பெற்றோர் எப்படித்தான் முடிவெடுப்பார்கள்? இரண்டு பாடத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சலில் கேளுங்கள்: விளக்கம் எந்த மொழியில், நோட்ஸ் எந்த மொழியில், ஆங்கிலக் குழு தனியாக உண்டா? பதில் எழுத்தில் வரட்டும், போனில் சொன்னது செப்டம்பரில் நிற்காது.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. மகள் மனம் மாறி குழந்தைப் பராமரிப்புப் படிப்புக்குப் போனால் வெல்ஷ் உண்மையிலேயே தேவைப்படும். வகுப்பில் சமாளித்துவிடலாம், ஆனால் அந்தப் படிப்பில் வெளியே போய் வேலைப் பயிற்சி எடுக்க வேண்டும், அந்த வட்டாரத்தில் பல மழலையர் குழுக்கள், குறிப்பாக 'கில்ச் மெய்த்ரின்' என்பவை, முழுக்க வெல்ஷில் நடப்பவை. மூன்று வயதுப் பிள்ளை வெல்ஷில் தண்ணீர் கேட்டால் புரிய வேண்டும் அல்லவா? பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வெல்ஷை விடக் கவனிக்க வேண்டியது. இங்கிலாந்தைப் போல் இல்லாமல், டபிள்யூஜேஇசி என்ற தேர்வு வாரியம் நடத்தும் வேல்ஸ் ஏ லெவலில் முதல் வருட ஏஎஸ் தேர்வு இறுதி மதிப்பெண்ணில் 40 சதவீதம். முதல் வருடம் ஊர் பழகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது.

வருமானமும் குடியிருப்பு நிலையும் பொருந்தினால் வாரம் 40 பவுண்ட் இஎம்ஏ உதவித்தொகை கிடைக்கும். படிப்பு தொடங்கி எட்டு வாரத்துக்குள் நீங்களே விண்ணப்பித்துவிடுங்கள், முதல் நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள்.