ஷாவ்மி நிறுவனர் லெய் ஜுன்: கேள்வி பதில்

கேள்வி: ஷாவ்மி தொடங்கும் முன் லெய் ஜுன் என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில்: மென்பொருள் எழுதினார், பிறகு அதை விற்க அலைந்தார். 1969-இல் ஹூபெய் மாகாணத்தில் பிறந்து, வூஹான் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர். 1992-இல் கிங்சாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து, 1998-இல் அதன் தலைவரானார். ஒரு பக்கம் மைக்ரோசாஃப்ட் வேர்டு, மறுபக்கம் திருட்டுப் பிரதிகள்; நடுவில் சீன மொழிச் சொற்செயலியை விற்றுப் பிழைக்க வேண்டும். 1995-இல் கொண்டுவந்த 'பாங்கு' என்ற அலுவலக மென்பொருள் விலைபோகவில்லை. மனமுடைந்து ஆறு மாதம் விடுப்பில் போனார். 2007 அக்டோபரில் கிங்சாஃப்ட் ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே அங்கு வந்த இணைய வணிக நிறுவனம் அலிபாபா அதைவிடப் பல மடங்கு பணம் திரட்டியது. டிசம்பரில் லெய் பதவி விலகினார். அவரைப் புரிந்துகொள்ள இந்தப் பதினைந்து ஆண்டுகளைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: "புயல்வாயில் நின்றால் பன்றியும் பறக்கும்" என்றவர் அவர்தானே? அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டமா?

பதில்: அவர்தான். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று நாம் சொல்வதில்லையா? தூற்றுவதற்குக் களத்தில் நெல் இருந்தாக வேண்டும். நாற்பது வயதில், 2010 ஏப்ரலில், கூட்டாளிகளோடு தினைக் கஞ்சி குடித்து அவர் ஷாவ்மியைத் தொடங்கியபோது அந்த நெல் கையில் இருந்தது. (ஷாவ்மி என்றாலே சீனத்தில் தினைதான்.)

கேள்வி: கைப்பேசியில் இணையம் பார்க்க உதவும் யூசி பிரவுசரிலும் அவருக்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டு. அதன் தொடக்க கால முதலீட்டாளர். அதற்கும் முன்பு அவர் உருவாக்கிய ஜோயோ என்ற இணையப் புத்தகக் கடையை 2004-இல் அமேசான் 7.5 கோடி டாலருக்கு வாங்கியது.

கேள்வி: கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். கடையே இல்லாமல் அவர்களால் எப்படி விற்க முடிந்தது?

பதில்: 2011-இல் முதல் கைப்பேசியை 1,999 யுவானுக்கு இணையத்தில் மட்டும் விற்றார்கள். கடை வாடகையும் பெரிய விளம்பரமும் இல்லாததால் விலை குறைந்தது. 2014-இல் சீனச் சந்தையில் முதலிடம். ஆனால் உங்களைப் போன்றவர்களின் அருமை 2016-இல் தெரிந்தது. சிற்றூர்க் கடைகளைப் பிடித்து வைத்திருந்த ஓப்போவும் விவோவும் முந்திக்கொண்டன. ஷாவ்மியின் விற்பனை சரிந்தது. லெய் உதிரிபாகக் கொள்முதலைத் தாமே கையில் எடுத்தார், நேரடிக் கடைகளையும் திறந்தார். விழுந்த கைப்பேசி நிறுவனம் எழுவது அரிது. அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் கட்டம் இதுதான்.

கேள்வி: கார் தயாரிப்பிலும் இறங்கினாரே, அது என்ன ஆனது?

பதில்: தம் வாழ்வின் கடைசிப் பெருமுயற்சி என்று 2021-இல் அறிவித்தார். 2024 மார்ச்சில் எஸ்யூ7 என்ற மின்சாரக் கார் வந்தது. அந்த ஆண்டிலேயே 1,35,000-க்கும் மேல் கைமாறின. ஆனால் 2025 மார்ச்சில் அன்ஹுய் நெடுஞ்சாலையில் ஓர் எஸ்யூ7 தடுப்பில் மோதித் தீப்பிடித்து மூன்று மாணவியர் இறந்தனர். மோதுவதற்குச் சில விநாடிகள் முன்புவரை ஓட்டுநர் உதவி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே, கார் தானாக ஓடும் என்று நம்பவைக்கும் சொற்களை விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்று கார் நிறுவனங்களுக்குச் சீன அரசு உத்தரவிட்டது. அது முன்பே வந்திருக்க வேண்டிய உத்தரவு.